புல்தரையில் தீயெறும்பா? ராணியைக் குறிவையுங்கள்
திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி மழை விட்டதும் புல்தரையில் பொலபொலவென்று மண் குவிந்திருந்தால் காலை வைக்காதீர்கள், அது தீயெறும்புப் புற்று. மேலே மருந்துத் தூள் தூவினால் வேலைக்கார எறும்புகள்தான் சாகும், உள்ளே இருக்கும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

வெயில் ஏறுமுன் எறும்புகள் மேலாக இருக்கும்போது பத்து லிட்டர் கொதிநீரைப் புற்றில் மெதுவாக ஊற்றுங்கள். சுற்றியுள்ள புல் கருகும், சில புற்றுக்கு இரண்டு மூன்று தடவை ஊற்ற வேண்டிவரும்.

எனக்குப் பிடித்தது இரைதான். 200 மில்லி தண்ணீரில் 20 கிராம் சீனி, 2 கிராம் போரிக் பவுடர் (கேரம் போர்டுக்குப் போடுவோமே, அதேதான்) கரைத்து, பஞ்சில் நனைத்து, புற்றின் மேல் வைக்காமல் எறும்பு போகும் வழியில் சாயங்காலம் வையுங்கள். பவுடரைக் கூட்டினால் ராணிக்குக் கொண்டுபோகுமுன்னே செத்துவிடும். பிள்ளைகளும் நாயும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடித்த இடத்தில் மறுநாள் வரும் கொப்புளத்தை உடைக்காதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிதான்.