பழைய மோட்டார்ஹோம் மக்கர் செய்தால் முதலில் எங்கே கை வைப்பது

எங்களுடையது 1993 மாடல். ஃபோர்டு ஈ-350 வேன் சேசிஸ் மேல் வீடு கட்டிய சி கிளாஸ் வண்டி, 7.5 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின், பின்னால் இரட்டை டயர், முழுச் சுமையோடு ஏறக்குறைய ஐந்து டன். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோவில் இருக்கிறோம். சியரா மலைக்கும் நெவாடா பாலைவனத்துக்கும் இதில்தான் போய்வருகிறோம். இந்த வயது வண்டிகளில் கம்ப்யூட்டர் கொஞ்சம், இரும்பு நிறைய. ஒரு மல்டிமீட்டர், தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், ஸ்பேனர் செட் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

பாகம் வாங்க ஓடும் முன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோளாறு எப்போது வருகிறது? காலையில் குளிர்ந்த என்ஜினிலா, சூடேறிய பிறகா, ஏற்றத்திலா, இறக்கத்திலா? நான் எந்த வேலையையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

காலையில் கிளம்பவில்லை

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, இல்லையென்றால் ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு சரி. உடனே புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள். மோட்டார்ஹோமில் என்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டு விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் தனி பேட்டரி. இரண்டையும் கொஞ்ச நேரம் இணைக்கும் சுவிட்ச் ஒன்று பல வண்டிகளில் டாஷ்போர்டில் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றினால் என்ஜின் பேட்டரியில் தெம்பு இல்லை. அப்போதும் முனகினால் வயரையும் செல்ஃப் மோட்டாரையும் பார்க்க வேண்டும்.

ராத்திரி முழுக்க சும்மா நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், எனக்கு முதல் சந்தேகம் எர்த் வயர் மேல்தான்.

அதைச் சோதிப்பது இப்படி. கியரை பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முட்டுக்கொடுங்கள். என்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருக்க பெட்ரோல் பம்ப் ரிலேயைக் கழற்றி வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழ் மேலேயே அழுத்துங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும். இன்னொரு முனை என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில். என் மகன் சாவியைத் திருப்புவான், நான் மீட்டரைப் பார்ப்பேன். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. எங்கள் வண்டியில் ஒரு தடவை 1.4 காட்டியது. வெளியே பளபளவென்று இருந்த கிளாம்ப்பைக் கழற்றினால், உள்வட்டம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூத்துப்போயிருந்தது. கம்பி பிரஷ்ஷால் குமிழையும் கிளாம்ப்பையும் ஈயம் மின்னும் வரை தேய்த்து, வயரின் மறுமுனை சேசிஸில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் துருவைச் சுரண்டி இறுக்கியதும் 0.1க்கு வந்துவிட்டது. புது பாகம் ஒன்றுகூட வாங்கவில்லை.

பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: பேட்டரி குமிழிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லையா? சாவியை ஆன் செய்து காதைத் தீட்டுங்கள். டாங்க் பக்கம் ஓரிரு விநாடி பம்ப் ரீங்கரித்து நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, அப்புறம் பயணி பக்கக் கால்மாட்டில் இருக்கும் இனெர்ஷியா சுவிட்ச். விபத்தில் பெட்ரோலை நிறுத்துவதற்காக வைத்த சுவிட்ச் அது. பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் சில சமயம் தட்டிக்கொள்ளும். பெட்ரோல் வாசனையோ கசிவோ இல்லை என்று பார்த்துவிட்டு மேல் பொத்தானை அழுத்தினால் போதும்.

ஏற்றத்தில் கொதிக்கிறது

லாஸ் வேகஸ் போகும் ஐ-15 சாலையில் பேக்கர் என்று ஒரு சின்ன ஊர். 1913 ஜூலையில் டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக 134 அடி உயரத் தெர்மாமீட்டர் நிற்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 930 அடியில் இருக்கிறது. அங்கிருந்து மவுண்டன் பாஸ் கணவாய் போய்ச் சேரும்போது 4,700 அடியைத் தாண்டியிருப்போம். பழைய வண்டியின் ரேடியேட்டருக்கு அங்கேதான் பரீட்சை.

ஏறும்போது மட்டும் சூடேறினால் முதலில் ஃபேன் கிளட்ச்சைப் பாருங்கள்; சூடேறும்போது ரேடியேட்டர் ஃபேனைப் பிடித்துச் சுழற்றும் பாகம் அது. என்ஜின் ஆறியபின், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். கொஞ்சம் இழுவை தெரிய வேண்டும். தடையில்லாமல் இரண்டு மூன்று சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது. அதன் நடுவில் எண்ணெய் வழிந்த கோடு இருந்தாலும் அப்படித்தான். நல்ல கிளட்ச் ஏற்றத்தில் பிடிக்கும்போது ஃபேன் உறுமுவது வண்டிக்குள்ளேயே கேட்கும்.

அடுத்தது ரேடியேட்டர். முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் தூசியும் மெத்தை மாதிரி அடைந்திருக்கும். என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். உள்ளே அடைப்பா என்று பார்க்க, என்ஜினை நிறுத்திய கையோடு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகம் முழுக்க ஓட்டுங்கள். திட்டாக ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

வழியில் என்ஜின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்க வைத்து, கீழ் கியருக்கு வாருங்கள். வேகம் குறைந்தாலும் என்ஜின் சுற்று கூடுவதால் ஃபேனும் வாட்டர் பம்பும் வேலை செய்யும். உள்ளே வேகும், பரவாயில்லை. ஓரம் கட்டினால், கூலண்ட் கொட்டாத வரை, என்ஜினை உடனே அணைக்காமல் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து ஓடவிடுங்கள். கொட்டியிருந்தாலோ, முள் இன்னும் ஏறினாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்

இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 ரக பிரேக் ஆயில் 401 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு முன் கொதிக்கக்கூடாது என்பது தர அளவு; ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே அளவு 284தான். நின்றே கிடக்கும் வண்டியிலும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் எத்தனை மைல் ஓடினாலும், ஓடாவிட்டாலும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். இறக்கத்தில் பெடல் மெத்தென்று தரை வரை போனால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து முன்சக்கரங்களின் சூட்டை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை. ஆறியபின் வண்டியைச் சமதளத்தில் ஜாக்கியில் தூக்கி, எடைக்கு ஏற்ற ஸ்டாண்டில் நிறுத்தி, காலிப்பரின் (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிளீடர் போல்ட்டை, அதாவது காற்றை வெளியேற்றும் போல்ட்டை, சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீச்சி சக்கரம் விடுபட்டால், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயிலைத் திரும்பிப் போகவிடாமல் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே பார்த்தால் புதுசு போலத்தான் இருக்கும். இரண்டு பக்க ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். போல்ட்டைத் தளர்த்தியும் விடுபடவில்லை என்றால் காலிப்பர் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. எந்த வேலையானாலும் கடைசியில் காற்றை எடுத்து, பெடல் கெட்டியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே தெருவுக்கு எடுங்கள்.

இந்த வண்டிகளின் டயரில் பெரும்பாலும் பட்டன் தேயும் முன்பே ரப்பர் கிழமாகிவிடும். டயரின் பக்கவாட்டில் ‘DOT’ என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2219 என்றால் 2019ஆம் வருடம் 22வது வாரம் செய்தது. பின் ஜோடியில் உள் டயரையும் படுத்தாவது படித்துவிடுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான். ஆறு வருடம் தாண்டினால் வருடத்துக்கொரு முறை டயர் கடையில் காட்டுங்கள்; பத்தைத் தாண்டிய டயரில் நான் குடும்பத்தை ஏற்ற மாட்டேன்.

வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஏறி இறங்கி ஓடினால் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். கழற்றி கிளீனர் அடியுங்கள். பெட்ரோல் முள் கால் டாங்குக்குக் கீழே போனதும் ஜெனரேட்டர் நின்றால் அது கோளாறு இல்லை. ஊருக்குத் திரும்ப பெட்ரோல் மிஞ்சட்டும் என்று அதன் குழாயை டாங்கில் உயரமாகவே வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை, ஏசியைப் போட்டு, இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள்.