எஸ்எம்சில டீச்சர் மெம்பரா உக்காரப் போறீங்களா?

கவர்மென்ட் ஸ்கூல் டீச்சருங்க பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு (அதுதான் எஸ்எம்சி) போனா முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது, அது நம்ம ஸ்டாஃப் மீட்டிங் இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டம் 21வது பிரிவுப்படி குறைஞ்சது நாலுல மூணு பங்கு பெற்றோர்தான், மொத்தத்துல பாதி பேர் பெண்கள், அப்ப நீங்க அங்க சிறுபான்மை, அப்படித்தான் இருக்கணும்.

மீட்டிங் நேரத்தை பெற்றோர்கிட்ட கேட்டு வைங்க, நூறு நாள் வேலைக்கு போற அம்மா காலைல பதினோரு மணிக்கு எப்படி வருவாங்க? தீர்மான நோட்டுதான் பெரிய சிக்கல். நான் இருந்த ஒரு ஸ்கூல்ல பக்கத்தை காலியா விட்டு முதல்லயே கையெழுத்து வாங்கிருவாங்க, அப்புறம் எழுதிக்குவாங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. முடிவை அங்கயே எழுதி சத்தமா படிச்சு காட்டுங்க, "டாய்லெட் குழாய் ரெண்டு மாத்தணும்"னு பேசினா அப்படியே எழுதுங்க, "சுகாதார வசதி மேம்படுத்தப்படும்"னு எழுதினா அடுத்த மாசம் யாரும் கேக்க முடியாது.

மானியப் பணம் எப்படி செலவாகுதுனு பாக்கறதும் குழு வேலைதான், அதனால பில்லை எல்லார் கைக்கும் குடுங்க. ஹெச்எம் எதிர்ல உக்காந்து அவர் கணக்கை கேக்கறது கூச்சமாத்தான் இருக்கும் (மறுநாள் லீவ் லெட்டர் அவர்கிட்டதான போகணும்), முன்னாடியே தனியா சொல்லிட்டா பாதி சங்கடம் குறையும்.

பள்ளி வளர்ச்சித் திட்டம் போடறப்ப க்ளாஸ் வாரியா எத்தனை பிள்ளைங்க, எத்தனை டீச்சர் குறையுதுனு லிஸ்ட் எடுத்துட்டு போங்க, இது உங்களாலதான் சட்டுனு முடியும். இன்னொண்ணு, ஒரு பிள்ளையோட மார்க்கையோ வீட்டு விஷயத்தையோ அங்க பேசவே பேசாதீங்க, அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க எதிர்லயே உக்காந்திருப்பாங்க.