கணினி விழிக்கும்போது எழும் ஒலியை நிறுத்துவதும் மாற்றுவதும்

சில மாதங்களுக்கு முன், விடியற்காலை நாலரை மணிக்கு, பக்கத்தில் பாயில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்க, ஒரு கோப்பை அவசரமாக அனுப்புவதற்காக மடிக்கணினியை இயக்கினேன். முந்தைய இரவு பாட்டுக் கேட்க இணைத்திருந்த பெரிய ஸ்பீக்கரைக் கழற்ற மறந்திருந்தேன். விண்டோஸின் வரவேற்பு ஒலி வீடு முழுக்க முழங்கியது. குழந்தை வீறிட்டு எழுந்தது. எல்லா ஒலிகளையும் அடக்குவதற்கென்று உள்ள 'நோ சவுண்ட்ஸ்' என்ற அமைப்பை அதற்கு ஒரு வாரம் முன்பே தேர்ந்தெடுத்திருந்தேன் என்பதுதான் எரிச்சல். அதை மீறியும் அந்த ஒலி ஏன் வந்தது என்று தேடியபோதுதான், தொடக்க ஒலி எல்லாக் கணினிகளிலும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பது புரிந்தது.

ஆகவே, எந்த அமைப்பிலும் கைவைப்பதற்கு முன், ஒலி எப்போது வருகிறது என்பதைக் கவனிப்பது நல்லது. பொத்தானை அழுத்திய ஓரிரு நொடிகளில், தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றும்போதே கேட்டால், அது பயாஸ், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை நிரல், எழுப்பும் ஒலி. கடவுச்சொல் கேட்கும் திரை வரும் வேளையில் கேட்டால், இயங்குதளத்தின் ஒலி. உள்நுழைந்து டெஸ்க்டாப் வந்த பிறகு கேட்டால், தானாகத் தொடங்கும் ஏதோ ஒரு செயலியின் வேலை. டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து, தேவையற்றதை 'டிசேபிள்' செய்தால் அது அடங்கிவிடும்.

பெரும்பாலோரின் சிக்கல் இரண்டாவது வகைதான். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலும் அதையடுத்த விண்டோஸ் 10-இலும் தொடக்க ஒலி இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதை மீண்டும் ஒலிக்க வைத்தது. நிறுத்துவதற்கு, டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'பெர்சனலைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'தீம்ஸ்' பக்கத்துக்குச் சென்று, அங்குள்ள 'சவுண்ட்ஸ்' என்ற சொல்லின் மீது சொடுக்க வேண்டும். பழைய பாணியில் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் நிகழ்வுகளின் பட்டியலுக்குக் கீழே 'ப்ளே விண்டோஸ் ஸ்டார்ட்டப் சவுண்ட்' என்ற வரி, முன்னால் ஒரு டிக் குறியுடன், கண்ணில் படாத அளவுக்கு அடக்கமாக இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு, 'அப்ளை', பிறகு 'ஓகே' என்று அழுத்தினால் போதும். மேலே உள்ள 'நோ சவுண்ட்ஸ்' அமைப்புக்கும் இந்த டிக்குக்கும் தொடர்பில்லை. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். செய்து முடித்ததும் 'ரீஸ்டார்ட்' கொடுத்துச் சோதியுங்கள். கணினியை உறக்க நிலையிலிருந்து எழுப்பினால் இந்த ஒலி வராது என்பதால், மூடியை மூடித் திறந்து பார்ப்பது சோதனையாகாது.

பள்ளி ஆய்வகம் போல நாற்பது கணினிகள் ஒரே அறையில் இருந்து, மாணவர்கள் அந்த டிக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு விளையாடுகிறார்கள் என்றால், விண்டோஸின் புரோ பதிப்பில் உள்ள, நிர்வாகி விதிகளை வகுக்கும் குரூப் பாலிசி எடிட்டர் கைகொடுக்கும். அதில் 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்' என்பதன் கீழ் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்', அதனுள் 'சிஸ்டம்', அதனுள் 'லாகான்' என்று சென்று, 'டர்ன் ஆஃப் விண்டோஸ் ஸ்டார்ட்டப் சவுண்ட்' என்பதை 'எனேபிள்' செய்ய வேண்டும். அணைப்பதற்கு 'எனேபிள்' செய்வதா என்று குழம்ப வேண்டாம். நாம் இயக்குவது தடையைத்தான். அதன்பின் அந்த டிக் பெட்டியை யாராலும் மாற்ற முடியாது. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது.

ஒலியை நிறுத்துவது எளிது, மாற்றுவதுதான் கடினம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதே 'சவுண்ட்ஸ்' பெட்டியில் 'ஸ்டார்ட் விண்டோஸ்' என்ற நிகழ்வுக்கு நமக்குப் பிடித்த வேவ் வகை ஒலிக்கோப்பைக் கொடுத்துவிடலாம். பிரவுசிங் சென்டர்களில் கணினிகள் சினிமா வசனம் பேசிக்கொண்டு எழுந்த காலம் அது. இப்போதைய விண்டோஸில் தொடக்க ஒலி 'இமேஜ்ரெஸ்' என்ற டிஎல்எல் கோப்புக்குள் புதைந்திருக்கிறது. அதைப் பிரித்து உள்ளிருக்கும் ஒலியை மாற்றிவைக்க மென்பொருள்கள் உண்டு என்றாலும், ஐகான்கள் உட்படப் பலவும் குடியிருக்கும் ஒரு சிஸ்டம் கோப்பை நாலு நொடி இசைக்காக அறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த அப்டேட்டில் பழைய ஒலியே திரும்பிவிடவும் கூடும். மாறாக, மேற்சொன்ன டிக்கை எடுத்துவிட்டு, உள்நுழைந்த பின் நம் ஒலி கேட்கும்படி செய்வதே பத்திரமான வழி. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் 'ரன்' பெட்டியில், ஷெல் என்ற சொல்லையும், ஒரு முக்காற்புள்ளியையும், ஸ்டார்ட்டப் என்ற சொல்லையும் இடைவெளியின்றி ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் உங்கள் ஒலிக்கோப்பின் ஷார்ட்கட்டை வைத்துவிடுங்கள். கூடவே மீடியா பிளேயரின் ஜன்னலும் திறந்துகொள்ளும். அது உறுத்தினால், வேலைகளைத் தானாகத் தொடங்கவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில், உள்நுழையும்போது என்று பொருள்படும் 'அட் லாகான்' தூண்டுதலுடன், பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவி வழியாக ஜன்னலின்றி ஒலிக்க வைக்கலாம். எப்படியானாலும் ஒலி நான்கைந்து நொடிகளுக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 95-இன் தொடக்க ஒலிக்கு இசையமைத்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோவிடம் சில நொடிகளுக்குள் அடங்கும் துணுக்கைத்தான் கேட்டார்கள். அதை அவர் மேக் கணினியில் உருவாக்கியதாகச் சொன்னது வேறு கதை.

மேக்கில் விஷயம் இன்னும் எளிது. அதன் தொடக்க மணி வெறும் அலங்காரமன்று. வன்பொருள் சோதனை நல்லபடியாக முடிந்தது என்பதற்கான அறிவிப்பு. ஆப்பிளில் பணியாற்றிய ஜிம் ரீக்ஸ் உருவாக்கிய அந்த நாதம் 1991-இல் வந்த குவாட்ரா வகை மேக்கிலிருந்து தொடங்கிய மரபு. 2016-இன் மேக்புக் புரோவில் ஆப்பிள் அதைக் கைவிட்டது. 2020-இல் மேக் இயங்குதளத்தின் பிக் சர் பதிப்புடன், பயனர் விருப்பத்துக்கு விட்டு, திரும்பக் கொண்டுவந்தது. ஆப்பிள் மெனுவில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து, 'சவுண்ட்' பக்கத்தில் 'ப்ளே சவுண்ட் ஆன் ஸ்டார்ட்டப்' என்பதை அணைத்தால் முடிந்தது. இந்தத் தேர்வு இல்லாத பழைய மேக் என்றால், ஹெட்போனைக் கழற்றிவிட்டு, உள் ஸ்பீக்கரின் ஒலியை மியூட் செய்த பின் கணினியை நிறுத்துங்கள். அடுத்த முறை அது வாய்திறக்காது. ஆனால் மணியை வேறொன்றாக மாற்றிக்கொள்ள ஆப்பிள் வழி வைக்கவில்லை.

லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் சின்னமன் பதிப்பு இவ்விரண்டையும்விடத் தாராளமானது: 'சவுண்ட்' அமைப்பில் 'சவுண்ட்ஸ்' தாவலைத் திறந்தால், 'ஸ்டார்ட்டிங் சின்னமன்' என்பதை அணைக்கவும் செய்யலாம், உங்கள் கோப்பையே அங்கு வைக்கவும் செய்யலாம்.

எஞ்சியிருப்பது பயாஸ் ஒலி. கேமிங் மடிக்கணினிகள் சில, சின்னம் தோன்றும்போதே இடிமுழக்கம் போல ஒன்றை எழுப்புகின்றன. விண்டோஸில் என்ன செய்தாலும் அது நிற்காது. கணினியைத் தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி (ஹெச்பியில் பெரும்பாலும் எஃப்10) பயாஸுக்குள் சென்று, பூட் அல்லது அட்வான்ஸ்டு பக்கத்தில் தொடக்க ஒலிக்கான வரியைத் தேடுங்கள். 'ஆடியோ கன்ட்ரோலர்' என்று இருப்பதை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அதன்பின் பாட்டும் கேட்காது, வீடியோ அழைப்பில் குரலும் கேட்காது. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரைப் போட்டிருப்பவர்கள், மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பயாஸுக்குள் நுழைவது நல்லது.

மேசைக் கணினியில் கேட்கும் ஒற்றை 'பீப்' வேறு. மதர்போர்டின் 'ஸ்பீக்கர்' ஊசிகளில் செருகியிருக்கும், கருப்புச் சட்டைப் பொத்தான் அளவுள்ள பஸ்ஸரிலிருந்து அது வருகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பிடுங்கினால் நின்றுவிடும். நான் பிடுங்கமாட்டேன். பல போர்டுகளில் ஒரு குறும் பீப் என்றால் எல்லாம் சரி என்று பொருள். ரேம் சரியாக உட்காராமலோ கிராஃபிக்ஸ் கார்டு கழன்றோ திரை இருண்டு கிடக்கும் நாளில், எத்தனை பீப், எவை நீளம், எவை குறுக்கம் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, போர்டின் கையேட்டோடு ஒப்பிட்டால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும்.