ஆய்வுக்குழு பாடசாலைக்கு வரும்போது அதிபரும் பெற்றோரும் செய்ய வேண்டியவை

பிள்ளைகளிடம் தகவல் திரட்ட, வலயக் கல்விப் பணிப்பாளரின் கடிதத்தோடு ஆய்வுக்குழு வந்து நின்றால், எங்கட திருகோணமலை மாவட்டத்துச் சின்னப் பாடசாலைகள் மறுகேள்வி கேட்காமல் வகுப்பறையைத் திறந்துவிடும். ஆசிரிய ஆலோசகராக மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கம் திரிந்த காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதம் வாசற்படி வரைக்கும்தான் செல்லும். பிள்ளையிடம் கேள்வி கேட்கப் பெற்றோரின் சம்மதம் வேறாக வேண்டும்.

முதலில் வினாக்கொத்தின் தமிழ்ப் பிரதியை முற்கூட்டியே வாங்குங்கள். அதில் எவை எண்ணப்படுகின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஆய்வின் அரசியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க அரசு 1964 குடிசார் உரிமைச் சட்டத்தின் கீழ் நடத்துவித்த, சமூகவியலாளர் கோல்மனின் ஆய்வு 1966இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்கள் பங்குபற்றிய ஆய்வு அது. பாடசாலை வசதிகளை விடக் குடும்பப் பின்னணியே மாணவரின் கற்றல் அடைவு வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்ற அதன் முடிவை, பாடசாலைக்குப் பணம் ஒதுக்கிப் பயனில்லை என்று வாதாடியவர்களும் கையில் எடுத்தார்கள். உங்களிடம் வரும் வினாக்கொத்து தாயின் படிப்பையும் வீட்டுப் புத்தகங்களையும் மட்டும் கேட்டால், அறிக்கை வீட்டைத்தான் குறை சொல்லும். கணித ஆசிரியர் இல்லாத தவணைகள், ஆசிரியர் வந்து சேரும் பஸ்ஸின் நேரம், இடமாற்றம் பெற்றுப் போனவருக்குப் பதிலாள் வராத மாதங்கள் இவற்றுக்கும் இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால், அந்த விபரங்களை அதிபர் தனிக் கடிதமாக எழுதிக் குழுவிடம் கையளித்து, பிரதியில் ஒப்பம் வாங்கலாம்.

சம்மதப் படிவத்தைப் பிள்ளையின் கொப்பிக்குள் வைத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெற்றோரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். “சேராவிட்டால் ரீச்சர் கோவிப்பாவோ?” என்று ஒரு தாய் கேட்டால், இல்லை என்பதை அந்த ரீச்சரே சொல்ல வேண்டும். சேராத பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் வாசிப்போ சித்திரமோ ஒழுங்கு செய்யுங்கள். அவர்கள் தனித்துத் தெரியக்கூடாது.

“யாருடன் வசிக்கிறீர்?” என்ற கேள்வியில் நான் எப்போதும் நிற்பேன். மூதூரிலும் கிண்ணியாவிலும் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன. பக்கத்து வாங்குப் பிள்ளை கேட்க அதற்கு விடை சொல்ல வைப்பது கொடுமை. இத்தகைய கேள்வியைப் பெரியவரிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளையிடம்தான் கேட்டாக வேண்டும் என்றால், விடையை விட்டுவிடலாம் என்று முதலில் சொல்ல வேண்டும். அழுத பிள்ளையோடு யார் இருப்பார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

பெயர் போடமாட்டோம் என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே உள்ள பாடசாலைக்கு அது போதாது. கல்விக் கோட்டமும் வகுப்பும் அச்சானால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். சிறிய பாடசாலைகளைச் சேர்த்து, வலய மட்டத்தில் மட்டும் முடிவை வெளியிடச் சொல்லிக் கேளுங்கள்.

குழு போகுமுன் அறிக்கை எப்போது, எந்த மொழியில் வரும் என்று எழுதி வாங்குங்கள். வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கல்வி அமைச்சு, மாகாணத் திணைக்களம், தேசிய கல்வி நிறுவகம், அரச பல்கலைக்கழகம் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலர் எழுத்தில் பதிய வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வர வேண்டும். அறிக்கையோடு நிதி எங்கிருந்து வந்தது, எவ்வளவு என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டுக் கடனென்றாலும் திருப்பிக் கட்டுவது நாங்கள்தான். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

அறிக்கை கிடைத்ததும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் உங்கள் வலயத்தைப் பற்றிய பக்கங்களை வாசியுங்கள். பிழை கண்டால் கூட்டக் குறிப்பில் பதிந்து, பிரதியை ஆய்வுக்குழுவுக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.