சண்டை ஓய்ந்தால் போதுமா? பறவை ஆர்வலர் குழுக்களில் அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்த மறுநாள். எங்கள் மாவட்டப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு படம் போட்டார். ஏரிக்கரைக் கருவேல மரத்தில் உட்கார்ந்திருந்த சின்ன வேட்டைப் பறவை. மார்பில் பழுப்புக் கோடுகள், தொண்டையின் நடுவே கருமையாக ஒரு கோடு. "பெஸ்ராவை முதல் முறையாகப் பார்க்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தார்.

இரண்டே நிமிடத்தில் மூத்த உறுப்பினர் ஒருவரின் பதில் வந்தது. "தம்பி, பெஸ்ரா காட்டுப் பறவை. முதல்ல புத்தகம் வாங்கிப் படிங்க, அப்புறம் படம் போடலாம்." அதற்கு ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள். "தெரிஞ்சுக்கத்தானே சார் போட்டேன், இப்படிச் சொல்லணுமா?" என்று மாணவர் கேட்டார். மூத்தவர் அடுத்த பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே நான் படம், பதில், கேள்வி எல்லாவற்றையும் நீக்கினேன். "விவாதம் வேண்டாம் நண்பர்களே, பறவைகளைப் பற்றி மட்டும் பேசுவோம்" என்று ஒரு வரி போட்டேன். பலர் கைகூப்பினார்கள். குழு அமைதியானது.

அன்றிரவே அந்த மாணவர் வெளியேறிவிட்டார். யாராவது குழுவை விட்டுப் போனால் அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு வரும்படி வாட்ஸ்அப் 2022-இல் மாற்றம் செய்தது. அதனால் மற்றவர்கள் பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். அவர் பறவைகளைப் பற்றித்தான் பேசினார். அவரையும் சேர்த்துத்தான் நான் வாயடைத்தேன். சண்டையை நிறுத்தியதை நியாயம் செய்ததாக எடுத்துக்கொண்டது என் பிழை. இந்தக் குழுக்களில் நான் பார்த்த மற்றத் தவறுகளும் பெரும்பாலும் இந்த ஒரு குழப்பத்திலிருந்தே கிளைக்கின்றன.

திருத்தும்போது ஆளைத் திருத்துவது

அந்தப் படத்திலிருந்தது வல்லூறின் இளம் பறவை. வளர்ந்த வல்லூறுக்குத் தொண்டைக் கோடு மெல்லியதாக இருக்கும், மார்பில் குறுக்கு வரிகள் ஓடும். இளம் பறவைக்கு மார்பில் நெடுக்குக் கோடுகள் இருக்கும், தொண்டைக் கோடும் எடுப்பாகத் தெரியும். பெஸ்ராவின் அடையாளமாகப் புத்தகங்கள் சொல்வதும் தடித்த தொண்டைக் கோட்டைத்தான். ஆக, அந்த மாணவர் புத்தகம் படிக்காமல் தவறவில்லை. படித்ததால்தான் அந்தக் கோட்டைப் பார்த்தார், படித்ததால்தான் பெஸ்ரா என்று நினைத்தார்.

"இது வல்லூறு. இளம் பறவைக்கும் தொண்டைக் கோடு தெரியும். பெஸ்ரா நம் பக்கம் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருப்பது. ஏரிக்கரையில் பார்த்தால் முதலில் வல்லூறா என்று பாருங்கள்." இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். மாணவரும் கற்றிருப்பார், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் கற்றிருப்பார்கள். பறவையின் பெயர், அதற்கான காரணம், அடுத்த முறை கவனிக்க வேண்டியது: திருத்தம் என்றால் இந்த மூன்றும்தான். படித்தாரா, எத்தனை வருட அனுபவம், என்ன கேமரா வைத்திருக்கிறார் என்பதெல்லாம் திருத்தத்தில் சேராது.

"தப்பு" என்ற ஒற்றைச் சொல்லும் இதே தவறுதான். நேரில் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அந்தச் சொல் உறைக்காது. திரையில் முகம் தெரியாது, குரல் கேட்காது. நூற்றுக்கணக்கானோர் பார்க்க வெறும் "தப்பு" மட்டும் அங்கே நிற்கும். இரண்டு வரி கூடுதலாக எழுதச் சோம்பலாக இருந்தால், காரணத்தோடு எழுதக்கூடிய வேறொருவருக்கு வழிவிடுவது நல்லது.

எழுதாத விதிக்குத் தண்டனை

"குழுவின் நோக்கத்துக்குப் புறம்பான பதிவுகள் நீக்கப்படும்." பாதிக் குழுக்களில் இருக்கும் ஒரே விதி இதுதான். நோக்கம் எது, புறம்பு எது என்று எங்கும் இருக்காது. அட்மினின் அன்றைய மனநிலைதான் விதி.

பறவைக் குழுக்களில் தகராறு வரும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கூட்டின் படம், ஆந்தை அடையும் மரம் எங்கே என்ற விவரம், கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது. இவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் தெரியாத விதியை ஆட்கள் அட்மினின் அதிகாரமாகப் பார்ப்பார்கள். காரணம் தெரிந்தால் அதைப் பறவைக்கான பாதுகாப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். படம் தெளிவாக வரவேண்டும் என்று கூட்டை மறைத்த கிளையை ஒடிப்பார்கள். நிழல் போய்விடும், உச்சி வெயில் நேராகக் குஞ்சுகள் மேல் விழும். ஆள் நிற்கும்வரை தாய்ப்பறவை இரையோடு பக்கத்து மரத்திலேயே காத்திருக்கும். மனிதர் வந்து போகும் இடத்தைக் காக்கை நோட்டமிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். இதை விதியோடு சேர்த்து எழுதியபின் எங்கள் குழுவில் "ஏன் சார் நீக்குனீங்க?" என்ற கேள்வி வெகுவாகக் குறைந்தது.

இட விவரமும் அப்படித்தான். ஆந்தையை மாந்திரீகத்துக்காகப் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகக்கூடிய சில இனங்களின் துல்லியமான இடத்தை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றும் இபேர்ட் (eBird) தளமே பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவைக்கிறது. நாம் ஒரு குழுவில் கூகுள் மேப் குறியீட்டைப் போட்டால், அது எத்தனை குழுக்களுக்குப் பயணப்படும் என்று நமக்குத் தெரியாது.

காலை வணக்கம், அரசியல், ஜோசியம் பற்றி ஒரு வரி போதும். அதைப் படித்தபின் யாருக்கும் சந்தேகம் வராது.

மூத்தவருக்கு ஒரு நியாயம், புதியவருக்கு ஒரு நியாயம்

குழுக்களை உள்ளிருந்தே அரிக்கும் தவறு இது. புதிதாகச் சேர்ந்த ஓர் அக்கா, தன் வீட்டு மாதுளைச் செடியில் தேன்சிட்டு கட்டிய கூட்டைப் படமெடுத்துப் போடுகிறார். ஐந்து நிமிடத்தில் நீக்கம், கூடவே ஓர் எச்சரிக்கை. அதே வாரம் பெரிய லென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், பொந்திலிருந்து எட்டிப்பார்க்கும் புள்ளி ஆந்தைக் குஞ்சுகளின் படத்தைப் போடுகிறார். அழகான படம். "அருமை சார்", "வேற லெவல்" என்று பாராட்டுகள் குவிகின்றன. அட்மினும் ஒரு கைதட்டல் போடுகிறார்.

அந்த அக்கா எதுவும் கேட்கமாட்டார், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே விதி யாருக்கு என்று அன்றைக்குப் புரிந்துகொள்வார். அதற்குப்பின் அவர் வீட்டுத் தோட்டத்தில் என்ன வந்தது, எந்த மாதத்தில் வந்தது என்பது நமக்குத் தெரியவே வராது.

மூத்தவரிடம் சொல்வது சங்கடம்தான். நமக்குப் பறவை காட்டிக்கொடுத்தவராக இருப்பார், வயதில் மூத்தவராக இருப்பார். மரியாதையோடு முதலில் ஒரு போன் செய்து, "சார், கூட்டுப் படம் வேண்டாம்னு நாமதானே எழுதினோம். நீங்களே எடுத்துட்டீங்கன்னா எல்லாருக்கும் ஒரு முன்மாதிரியா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். நான் இப்படிப் பேசியவர்களில் பெரும்பாலோர் உடனே எடுத்துவிட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டார். அவருடைய படத்தை நான் நீக்க வேண்டியதாயிற்று. இந்தப் போன் மரியாதை புதியவருக்கும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அந்த அக்காவுக்கும் நீக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொல்லாமல் நீக்குவது

அட்மின் நீக்கினால், நீக்கியவர் பெயரோடு ஒரு வரி அந்த இடத்தில் நிற்கும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. பார்க்காதவர்கள் ஆபாசமா, அவதூறா என்று அவரவர் கற்பனைக்கு ஏற்ப நினைப்பார்கள். ஆந்தை இருக்கும் இடத்தை வெள்ளந்தியாகப் பகிர்ந்த ஒருவர்மேல் அந்தப் பழி விழக் கூடாது. "இட விவரம் இருந்ததால் நீக்கினேன், பதிவில் வேறு தவறில்லை. இடத்தை எடுத்துவிட்டு மறுபடி போடலாம்" என்று அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

சண்டை முற்றும்போது குழுவையே பூட்டி, அட்மின்கள் மட்டும் பேசும்படி வைப்பது இன்னொரு பழக்கம். ஒரு மணி நேரமோ ஓர் இரவோ பூட்டினால் சூடு தணியும். நாள்கணக்கில் பூட்டினால், சண்டையில் சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கானோரின் வாயையும் கட்டியதாகிவிடும். பூட்டும்போதே எப்போது திறப்போம் என்று சொல்லிவிட வேண்டும்.

தானே கட்சி, தானே நீதிபதி

அட்மினும் பறவை பார்ப்பவர்தான், அவருக்கும் கருத்து உண்டு. பூனைப்பருந்துகளின் பெண் பறவைகளைப் பிரித்தறிவதில் தேர்ந்தவர்களே முரண்படுவார்கள். அந்த வாதத்தில் நான் ஒரு பக்கம் நின்றுவிட்டால், அன்றைக்கு நீக்கும் உரிமை எனக்கு இல்லை. இன்னோர் அட்மின் பார்க்க வேண்டும். இதற்காகவே குறைந்தது மூன்று அட்மின்கள் வேண்டும். ஒரே ஊர், ஒரே நட்பு வட்டம், ஒரே வயது என்று மூவரும் இருந்தால் அது ஒருவர் இருப்பதற்குச் சமம்.

இங்கே சட்டப் பயமும் குறுக்கே வரும். "உறுப்பினர் போட்டதுக்கு அட்மினைப் பிடிப்பாங்க" என்ற பேச்சை நம்பி, சின்ன வாக்குவாதத்துக்கே ஆட்களை வெளியேற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஓர் உறுப்பினரின் பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் அவர்மேல் குற்றப்பொறுப்பைச் சுமத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கின்றன. அந்தப் பதிவில் அட்மினுக்கும் பங்கிருந்தால் அது வேறு கதை. பயத்தில் எடுக்கும் முடிவில் நிதானம் இருக்காது என்பதால் இதைச் சொல்கிறேன்.

"அவர் நல்லவர்தான்மா" என்று சமாதானம் சொல்வது

இதைப் பற்றி அட்மின்கள் அதிகம் பேசுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம் எண் மற்ற உறுப்பினர்கள் கைக்குப் போய்விடுகிறது. ஒரு பெண் கொண்டலாத்தி படம் போட்டால், அரை மணி நேரத்தில் அவருக்குத் தனியே செய்தி வருகிறது. "படம் சூப்பர்", பிறகு "எந்த ஊர்?", பிறகு "தனியாத்தான் போறீங்களா?". பறவை பார்க்கப் போவது விடிகாலையில், ஆளில்லாத கண்மாய்க் கரைக்கு. அந்த மூன்றாவது கேள்வி ஒரு பெண்ணுக்கு எப்படிக் கேட்கும் என்பதை உணராத அட்மின், அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது.

அவர் புகார் சொல்லும்போது மூன்று தவறுகள் நடக்கின்றன. "ரொம்ப வருஷமா தெரியும், நல்ல மனுஷர்" என்று நற்சான்று கொடுப்பது. "பிளாக் பண்ணிடுங்க" என்று பொறுப்பை அவர் தலையிலேயே கட்டுவது. எல்லாவற்றையும்விட மோசமானது, "இன்னார் உங்களைப் பத்திச் சொன்னாங்க" என்று பெயரை எதிர்த்தரப்பிடம் போட்டுக்கொடுப்பது. எங்கள் குழுவில் இப்போது விதி இதுதான்: அனுமதி கேட்காமல் யாருக்கும் தனிச்செய்தி கூடாது. புகாரை ஒரு பெண் அட்மின் கேட்பார். சொன்னவர் பெயர் அவரைத் தாண்டி, மற்ற அட்மின்களிடம்கூடப் போகாது. இதில் எச்சரிக்கை ஒரு முறைதான். செய்தியின் தன்மையைப் பொறுத்து அதுவும் கிடையாது.

திரும்பி வர வழி வைக்காதது

மற்றக் காரணங்களுக்காக ஒருவரை வெளியேற்றினால், எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லி வெளியேற்றுங்கள். கோபத்தில் எல்லை மீறியவருக்கு ஒரு மாதம் என்றால் ஒரு மாதம். அந்த நாள் வந்ததும் அவர் கெஞ்சும்வரை காத்திருக்காமல் நீங்களே அழைப்பு அனுப்புங்கள். சேர்த்தபின் பழைய கதையை யாரும் கிளற வேண்டாம் என்று குழுவில் ஒரு வரி போடுங்கள்.

அந்த மாணவரை நான் மூன்று வாரம் கழித்துத்தான் அழைத்தேன். நீக்கியது என் தவறு என்று சொன்னேன். அவர் பறவை வல்லூறு என்பதையும் ஏன் என்பதையும் விளக்கினேன். "அது அப்பவே தேடித் தெரிஞ்சுக்கிட்டேன் சார்" என்றார். இப்போது தன் பட்டியல்களை இபேர்டில் ஏற்றுகிறார். எங்கள் குழுவுக்குத் திரும்பவில்லை. அவரை அழைத்து முடித்த அன்று மாலை, அவரிடம் சொன்ன அதே வார்த்தைகளை, அவர் பெயர் இல்லாமல் குழுவிலும் எழுதினேன். சிறிது நேரத்தில் அந்த மூத்தவரிடமிருந்து எனக்குத் தனியே ஒரு செய்தி வந்தது: "தம்பி நம்பர் இருந்தா குடுங்க, நானும் பேசணும்." மாணவரிடம் கேட்டுவிட்டுத் தருவதாகப் பதில் போட்டேன்.