மூடிப்போன கம்பெனியின் ஐசி வாங்கும்போது செய்யும் தவறுகள்

பழைய கன்ட்ரோல் போர்டு படுத்துவிட்டது. கெட்டுப்போன ஐசியின் (சிப்பின்) மேல் ஆர்சிஏ என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் முத்திரை. கம்பெனியே இல்லாதபோது அதன் டீலரை எங்கே தேடுவது? கடைசியில் சுயேச்சை விநியோகஸ்தரிடம்தான், அதாவது புரோக்கரிடம்தான், போய் நிற்க வேண்டும். போகலாம். ஆனால் சிப்பின் பூர்வீகம் தெரியாமல் போகக்கூடாது.

ஆர்சிஏவின் 1802 பிராசஸரையே பார்ப்போம். வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலத்தில் ஓடியதும் இதுதான். 1986இல் ஆர்சிஏவை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியது. 1988இல் சிப் தொழில் ஹாரிஸ் கைக்குப் போனது. 1999இல் அது இன்டர்சில் ஆனது. 2017இல் ரெனசாஸ் அதை வாங்கிக்கொண்டது. ஆக, ஆர்சிஏ பெயரில் மட்டும் தேடுவது நமக்கு நாமே கதவைச் சாத்திக்கொள்வது. ஹாரிஸ், இன்டர்சில் பெயரிலும் தேடுங்கள். ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் மாதிரி, தயாரிப்பாளரின் அனுமதியோடு மீதி இருப்பை விற்பவர்களிடம் முதலில் கேளுங்கள். விலை கடிக்கும், தூக்கம் வரும்.

இந்தப் பூர்வீகம் போலியைப் பிடிக்கவும் உதவும். ஆர்சிஏ முத்திரைக்குக் கீழே 9735 என்று டேட் கோடு இருந்தால், 1997ஆம் ஆண்டு 35ஆவது வாரம் என்று பொருள். அப்போது ஆர்சிஏ எங்கே இருந்தது?

அடுத்தது, பதற்றத்தில் இருபது புரோக்கர்களுக்கு ஒரே நாளில் விலை கேட்டு எழுதுவது. பலர் காட்டுவது ஒரே ஸ்டாக்கைத்தான். அது அவர்கள் கையில்கூட இருக்காது. எல்லோரும் ஒரே இடத்தில் போய் விசாரிக்க, ‘சரக்குக்கு கிராக்கி’ என்று விலை ஏறிவிடும். ஏற்றிவிட்டது நீங்கள்தான். இரண்டு மூன்று பேரிடம் மட்டும் கேளுங்கள். சரக்கு உங்கள் கையில் இருக்கிறதா, யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு, உங்கள் கம்பெனி பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அசிட்டோனில் துடைத்துப் பார்த்தேன், எழுத்து அழியவில்லை, அதனால் அசல்தான் என்று நம்புவதும் தவறு. மேற்பரப்பைத் தேய்த்துப் புதுக் கறுப்புப் பூச்சு அடிக்கிறார்கள். நல்ல பூச்சை அசிட்டோன் தொடாது. லென்ஸை எடுத்து முதல் கால் பக்கத்துக் குழியைப் பாருங்கள். போலியென்றால் பூச்சு அதில் இறங்கி நிரம்பியிருக்கும், அல்லது தேய்த்ததில் குழி ஆழம் குறைந்திருக்கும். மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே சொரசொரப்பாக இருக்கிறதா? புதுச் சரக்கு என்கிறார்கள், கால்களில் ஈயம் ஏறியிருக்கிறதா? உங்கள் போர்டிலிருந்து கழற்றிய அசல் சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சிப் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, அதாவது பின்னொட்டை, அலட்சியம் செய்யாதீர்கள். 1802ஏ 10.5 வோல்ட் வரை தாங்கும், 1802ஏசிக்கு 6.5 வோல்ட்தான் எல்லை. ஒரே ஓர் எழுத்தை விட்டுவிட்டு அச்சடித்தால் மலிவானது விலை கூடியதாகிவிடும். 5 வோல்ட்டில் சோதித்தால் இரண்டும் ஓடும். 10 வோல்ட் போர்டில் மாட்டினால்தான் தெரியும். ஆகவே முதலில் சாம்பிள் வாங்கி, உங்கள் போர்டின் வோல்டேஜிலேயே சூடேறும் வரை ஓடவிடுங்கள்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் பழைய ஸ்டாக்கில் வாங்கவே வேண்டாம். கிடப்பிலேயே கெட்டுப்போகும், புதிதாக வேறு கம்பெனியில் கிடைக்கும்.

கடைசியாகப் பணம். முழுத்தொகையையும் முன்கூட்டி அனுப்பாமல், சோதனை முடியும் வரை மூன்றாம் தரப்பிடம் இருக்கும்படி பேசுங்கள். போலி என்று ஆய்வகம் சொன்னால் சரக்கைத் திருப்பாமலே பணம் வாபஸ் என்பதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் அதே சிப் அடுத்த மாதம் வேறொருவர் மேஜைக்குப் போகும்.