நம்ம ஆக்கள் தப்பிட்டாங்க எண்டு தெரிஞ்ச பிறகு என்ன செய்யிறது

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல குண்டு வெடிச்சிட்டாம் எண்டு கேள்விப்பட்டதும் கொழும்புல தமிழாக்கள்ட வீடுகள்ல முதல் வந்த கேள்வி நம்மாக்கள் யார் யார் பூசைக்குப் போனது எண்டதுதான். பிறகு கட்டுவாப்பிட்டி கோயில், மட்டக்களப்பு சீயோன் சேர்ச், ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்கள் எண்டு ஒவ்வொரு பேரா வர வர அந்தரம் கூடிக்கொண்டே போனது, கடைசியில "நான் வீட்டதான் இருக்கிறன்" எண்டு ஒரு குரல் கேட்டா வயித்துல பால் வார்த்த மாதிரி. 260 பேருக்கு மேல செத்த ஒரு சம்பவத்தில நமக்கு இப்பிடி ஒரு நிம்மதி வாறது பாவமா எண்டு நிறையப் பேர் இன்னும் மனசுக்குள்ள கேட்டுக்கொண்டு இருக்கிறாங்க. பாவமே இல்ல. ஆனா அந்த நிம்மதிய எங்க காட்டுறது, எங்க அடக்கிறது எண்டு ஒரு முறை இருக்கு.

முதல்ல மற்றவங்கட அந்தரத்தைத் தீருங்க. எல்லாரும் ஒரே நேரத்தில கோல் எடுத்தா லைன் கிடைக்காது, எஸ்எம்எஸ் போட்டா கொஞ்சம் பிந்தியாவது போய்ச் சேரும். வட்ஸ்அப்பை மட்டும் நம்பி இருக்க வேணாம், அந்த ஞாயிறு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் அரசாங்கம் முடக்கி ஏப்ரல் 30தான் திறந்து விட்டது. "சேஃப்" எண்டு ஒரு சொல் மட்டும் அனுப்பாதீங்க, யார், எங்க, எத்தனை மணி எண்டு போடுங்க, "நான், அம்மா, தம்பி மூண்டு பேரும் வெள்ளவத்தை வீட்ட, 10.15" இப்பிடி, ஏனெண்டா அது கை மாறி கனடாவுக்குப் போய்ச் சேர ரெண்டு மணித்தியாலம் ஆகலாம். குடும்பத்தில ஒராளிட்ட மட்டும் எல்லாரும் சொல்லுங்க, மாமியோ சித்தப்பாவோ, மிச்சப் பேருக்கு அவங்க சொல்லட்டும்.

வீட்டுக்குள்ள அழுங்க, கட்டிப்பிடிங்க, சாமிக்கு விளக்கு வைங்க, உடம்பு நடுங்கினா நடுங்கட்டும், பயம் அப்பிடித்தான் இறங்கும்.

வெளியிலதான் கவனம். உங்கட ஒழுங்கையில ஒரு வீட்டில சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டியிருந்தா "கடவுள் எங்களக் காப்பாத்திட்டார்" எண்டு ஸ்டேட்டஸ் போடாதீங்க. நீங்க நன்றிக்குத்தான் சொல்லுறீங்க, எனக்கு விளங்குது, ஆனா பிள்ளைய இழந்த தாய் அதை வாசிச்சா அப்ப என்ட பிள்ளைய ஏன் காப்பாத்தல்ல எண்டுதான் அவவுக்குக் கேக்கும். செத்த வீட்டுக்குப் போனாலும் "நாங்களும் அண்டைக்கு அங்க போக இருந்தனாங்க, நல்ல காலம்" எண்ட கதை வேணவே வேணாம். போங்க, பக்கத்தில இருங்க, தேத்தண்ணி ஊத்திக் குடுங்க, கதிரை அடுக்குங்க, செத்தவர்ட பேரைச் சொல்லிக் கதைங்க. 31ம் நாள் முடிய சனம் வாறது குறைஞ்சிடும், அதுக்குப் பிறகும் போங்க.

இன்னொண்டு, இதை நான் அழுத்திச் சொல்லுறன். நம்ம ஆக்கள் எண்டு யாரை எண்ணுறீங்க? குண்டு வெடிச்சு மூண்டு நாலு கிழமையில, மே மாசம் குருநாகல், மினுவாங்கொடை பக்கம் முஸ்லிம் ஆக்கள்ட கடையும் பள்ளிவாசலும் வீடும் அடிச்சு எரிச்சாங்க. கூட வேலை செய்யிற, கூடப் படிச்ச முஸ்லிம் சிநேகிதருக்கும் ஒரு கோல் எடுத்து "நீங்க எப்பிடி, வீட்ட எல்லாரும் சுகமா, சாமான் வாங்க வெளிய போக ஏலுமா" எண்டு கேளுங்க, அவங்கட வீட்டிலயும் அதே அந்தரம்தான்.

தப்பினவங்களுக்குச் சில நேரம் குற்ற உணர்ச்சி வரும், நான் ஏன் மிஞ்சினன் எண்டு. அதைப் பேசாத, விடு எண்டு அடக்காதீங்க, கேட்டுக்கொண்டு இருங்க. கிழமைக்கணக்கா நித்திரை இல்லாட்டி, சத்தம் கேட்டா திடுக்கிடுறது நிக்காட்டி 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவகத்திட லைன்.

கை சும்மா இருக்க ஏலாம ஏதாவது செய்யணும் போல இருந்தா ரத்தம் குடுங்க. சம்பவம் நடந்த நாள் எல்லாரும் ஓடுவாங்க, ஆனா எடுத்து வச்ச செங்குருதிக் கலம் கிட்டத்தட்ட ஆறு கிழமைக்குத்தான் தாங்கும், காயப்பட்டவங்களுக்கு ஒப்பரேஷன் மாசக்கணக்கா நடக்கும். அதனால அண்டைக்கு வரிசை நீளமா இருந்தா பேரைக் குடுத்திட்டு வாங்க, ஒரு மாசம் கழிச்சு நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குப் போங்க, 18 வயசுக்கு மேல 50 கிலோவும் இருந்தா, கடைசியாக் குடுத்து நாலு மாசம் ஆகியிருந்தா எடுப்பாங்க, காலமைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு ஐடென்டிட்டி கார்டையும் கொண்டு போங்க.